சூடா உருக்கின பசையைப் பிதுக்குற க்ளூ கன்னைக் கீழ வைங்க! மலிவுக் கடைப் பொருள்ல செஞ்சது ஏன் பிஞ்சு வருது?

[காட்சி: பீங்கான் தட்டுக்குக் கீழ கண்ணாடி மெழுகுவத்தி ஸ்டாண்டைக் காலா வெச்சு ஹாட் க்ளூவால ஒட்டின கேக் ஸ்டாண்ட். தட்டைப் பிடிச்சுத் தூக்குறோம். தட்டு கையோட வருது, கால் மேசையிலயே நிக்குது.]

செய்ய அஞ்சு நிமிஷம், பிரிய ஒரே செகண்ட்! மலிவுப் பொருள், அதான் இப்படின்னு உடனே கடை மேல பழியைப் போடுவோம். தட்டும் நல்லாத்தான் இருக்கு, காலும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல இருக்கிற பசைதான் தப்பு.

[காட்சி: ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு பிளாஸ்டிக் டப்பா, தண்ணி நிரப்பின டிராப்பர்.]

முதல்ல பசையே இல்லாம ஒரு சோதனை. எனக்கு ரொம்பப் பிடிச்சது இது, அதனால கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கோங்க. டம்ளர், டப்பா ரெண்டையும் சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சாச்சு. ரெண்டு மேலயும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணி. கேமராவைக் கிட்ட கொண்டு போறோம், பாருங்க. கண்ணாடி மேல சொட்டு தட்டையாப் படருது. டப்பா மேல? முத்து மாதிரி உருண்டு உக்காந்திருக்கு. நல்லா சாய்ச்சா ஓடியே போயிடுது. தாமரை இலைத் தண்ணிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கலாம்.

பசையும் வைக்கும்போது திரவம்தான். படர முடியாத பரப்புல அது பிடிக்காது. எந்த டப்பா இப்படின்னு கண்டுபிடிக்கத் தண்ணிகூட வேண்டாம், திருப்பிப் பாருங்க. அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 2, 4 ரெண்டும் பாலிஎத்திலீன், 5 பாலிப்ரொப்பிலீன். இந்த மூணு நம்பர்லயும் சாதாரணப் பசை எதுவும் நிக்காது. கூடை, மூடி, சாப்பாட்டு டப்பா இதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். பசையோட மல்லுக்கட்டாம ஓட்டை போட்டுக் கம்பியால கட்டுங்க, நூலால தைங்க, இல்லன்னா சின்ன நட்டு போல்ட் போடுங்க. 1, 6 நம்பர்ல சூப்பர் க்ளூ பிடிக்கும். ஆனா பளிங்கு மாதிரி இருக்கிற பிளாஸ்டிக்ல பசையைச் சுத்தி வெள்ளையாப் பனி படியும். அதனால துளி மட்டும் வைங்க, காத்தோட்டமா காய விடுங்க.

சூப்பர் க்ளூ வரலாறு ஒரே மூச்சுல: 1942-ல துப்பாக்கிக் குறிபார்க்கிற பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது மாட்டுச்சு, தொட்டதுல எல்லாம் ஒட்டுதேன்னு ஒதுக்கிட்டாங்க, 1958-ல அதையே பசையா வித்தாங்க.

[காட்சி: கண்ணாடி மேல ஹாட் க்ளூ சொட்டு.]

தண்ணி கண்ணாடியில படருதே, ஹாட் க்ளூ மட்டும் ஏன் நிக்கலன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. ஹாட் க்ளூல கரைப்பான், அதாவது பொருளைக் கரைக்கிற திரவம், எதுவும் கிடையாது. சூட்டுல உருகி, ஆறினதும் இறுகுற பிளாஸ்டிக், அவ்வளவுதான். துணி, அட்டை, மரத்துல நார்களுக்குள்ள இறங்கி அங்கேயே கெட்டியாகும், அதான் அப்படி ஒரு பிடி. கண்ணாடி வழவழன்னு இருக்கும், இறங்க இடம் இல்ல. போதாததுக்கு அது சூட்டையும் சட்டுன்னு உறிஞ்சிடும். நல்லா படர்றதுக்குள்ள பசையோட அடிப்பக்கம் தோல் கட்டிடும். நம்பலன்னா காய்ஞ்ச ஹாட் க்ளூ ஓரத்துல ரெண்டு சொட்டு ரப்பிங் ஆல்கஹால் (காயம் துடைக்கிற ஸ்பிரிட்) விடுங்க. கொஞ்ச நேரத்துல முழுசாக் கழண்டு வந்துடும், காயம் ஆறின பக்கு மாதிரி! தப்பா ஒட்டினதை எடுக்கவும் இதே வழிதான். இன்னொண்ணு, ஹாட் க்ளூ போட்ட பொருளை வெயில்ல நிக்கிற கார்ல வைக்காதீங்க. திரும்ப இளகிடும்.

சரி, அந்த ஸ்டாண்டை ஒழுங்காச் செய்வோம். ரெண்டு ட்யூப்ல வர்ற, கலந்தாத்தான் கெட்டியாகுற எபாக்ஸி பசை வேணும். தட்டைக் கவுத்து, நடுவை ஸ்கேல் வெச்சு அளந்து, காலோட மேல் விளிம்பைச் சுத்தி மார்க்கர்ல வட்டம் போடுங்க. கண்ணளவு வேண்டாம், அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் பக்கத்துல இருந்து பார்த்தா பல்லிளிக்கும். வட்டத்துக்கு உள்பக்கம் மட்டும் 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால மினுமினுப்பு போற வரைக்கும் தேய்ங்க. கால் விளிம்பையும் தேய்ங்க. தேய்க்கும்போது பரப்பை ஈரமா வெச்சா தூசி பறக்காது. அப்புறம் ஆல்கஹால்ல துடைச்சிட்டு, அந்த இடத்தை விரலால தொடாதீங்க. விரல் எண்ணெய் ஒண்ணே போதும், வேலையைக் கெடுக்க.

ரெண்டு ட்யூப்லயும் சம அளவு பிதுக்கி, ஒரு நிறம் ஆகுற வரைக்கும் கலக்குங்க. ஒரு பக்கம் கூடிப்போனா கெட்டியாகாம பிசுபிசுன்னே கிடக்கும். விளிம்புல மெல்லிசா ஒரு கோடு, கவுத்த தட்டு மேல வெச்சு ரெண்டு பக்கம் டேப். பாக்கெட்ல 5 நிமிஷம்னு போட்டிருக்கிறது அசையாம நிக்க மட்டும்தான். முழு பலத்துக்கு 24 மணி நேரம் விடுங்க. கால் அடி ரொம்பக் குறுகலா இருந்தா என்ன பசை போட்டாலும் கவுரும். 25 செ.மீ. தட்டுக்கு 9 செ.மீ. அடியாவது இருக்கட்டும், இது என் கணக்கு.

[காட்சி: வெள்ளைத் தெர்மோகோல் பந்து மேல ஸ்ப்ரே பெயின்ட். பந்து குழி விழுது.]

பாவம் பந்து! ஸ்ப்ரேல இருக்கிற கரைப்பான் தெர்மோகோலைத் தின்னுடும். முதல்ல வெள்ளைப் பசையோ அக்ரிலிக் பெயின்ட்டோ ரெண்டு கோட்டு போட்டுக் காய விடுங்க, எந்த இடமும் மூடாம விட்டுப்போகக் கூடாது.

வெள்ளைப் பசைன்னதும் இன்னொரு குறிப்பு: பாட்டில் மேல டிஷ்யூ பேப்பர் ஒட்ட மூணு பங்கு வெள்ளைப் பசைக்கு ஒரு பங்கு தண்ணி.

இப்ப உங்க வீட்டுல ஒட்டாம அடம் பிடிக்கிற டப்பாவைத் திருப்பி, என்ன நம்பர்னு கமென்ட்ல போடுங்க. 5-னு நிறைய வரும், பந்தயம்! புது ஸ்டாண்டை எபாக்ஸி காய்ஞ்ச பிறகும் டிஷ்வாஷர்ல போடாதீங்க, சூடான பாத்திரத்தை மேல வைக்காதீங்க. தூக்கும்போது தட்டைப் பிடிக்காம, காலைப் பிடிச்சுத் தூக்குங்க.