கைதி எண் 9653

நடுவர் ஐயா அவர்களுக்கும், பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அக்காவுக்கும், இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

'போர்க்காலத்தில் வேட்பாளருக்கு அழகு ஊரோடு ஒத்துப் பேசுவதா, உள்ளதைச் சொல்வதா?' என்பது தலைப்பு. ஊரோடு ஒத்துப் பேசுவதே அழகு என்ற அக்கா, அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். எங்கள் அணித் தலைவர் எடுத்துச் சொன்ன, அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் யூஜின் டெப்ஸை ஒரே வரியில் தள்ளிவிட்டார். "ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்றார், ஐந்து முறையும் தோற்றார், அவரால் யாருக்கு என்ன லாபம்?" அதற்குக் கைதட்டல் வேறு. சரி, கணக்குப் பார்த்துவிடுவோம்.

முதலில் அக்காவின் சாட்சி. 1916 தேர்தலில் வில்சன் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது, 'நம்மைப் போருக்குள் விடாமல் காத்தவர்' என்பதுதான். முதல் உலகப் போரில் ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம் அது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்! கலிஃபோர்னியாவில் நாலாயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம். அந்த ஒரு மாநிலம் கைநழுவியிருந்தால் பதவியே போயிருக்கும். 1917 மார்ச் 4-ஆம் தேதி அவருடைய இரண்டாவது பதவிக்காலம் தொடங்கியது. ஏப்ரல் 2-ஆம் தேதி அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சபையில் நின்று போர் தொடுக்க அனுமதி கேட்டார். மாலை வாடுவதற்குள் பேச்சு மாறிவிட்டது, ஐயா!

நிலைமை மாறிவிட்டது என்பார் அக்கா. மாறியதுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பிப்ரவரியில் ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பல்களை அவிழ்த்துவிட்டது, எந்த நாட்டுக் கப்பல் என்றுகூடப் பார்க்கவில்லை. போருக்குப் போனது சரியா தப்பா என்பதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். என் வழக்கு வீட்டுக்குள் நடந்ததைப் பற்றியது. அந்த ஜூனில் உளவுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அதற்கு இன்னும் பல் வைத்தார்கள். அரசமைப்பை, கொடியை, ராணுவத்தை, ஏன், ராணுவச் சீருடையை இழிவாகப் பேசினால்கூட இருபது ஆண்டு வரை சிறை. சமாதானம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர் ஆட்சியிலேயே சமாதானம் பேசினால் கம்பி எண்ண வேண்டும் என்றாகிவிட்டது.

இப்போது டெப்ஸ். பதினாலு வயதில் படிப்பை விட்டு ரயில்வே வேலைக்குப் போனவர், எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர், பிறகு தொழிற்சங்கம் கட்டியவர். 1918 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரம். போரை எதிர்த்ததற்காக மூன்று தோழர்கள் அங்கே சிறையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் பூங்காவில் மேடையேறுகிறார். கூட்டத்துக்குள் அரசாங்கத்து ஆட்கள் புகுந்து, வாலிபர்களைப் பிடித்து நிறுத்தி, கட்டாய ராணுவச் சேவைக்குப் பெயர் பதிந்த சீட்டைக் காட்டு என்கிறார்கள். அரசு அமர்த்திய சுருக்கெழுத்துக்காரர் ஒருவரும் இருக்கிறார், பாவம், டெப்ஸின் வேகத்துக்கு அவரால் எழுத முடியவில்லை.

டெப்ஸ் என்ன பேசினார்? குண்டு வை என்றாரா? ராணுவத்தை விட்டு ஓடிப் போ என்றாரா? இரண்டு மணி நேரப் பேச்சின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். போரை அறிவிப்பவர்கள் எப்போதும் மேலே இருப்பவர்கள், போய்ச் சாகிறவர்கள் கீழே இருப்பவர்கள், உயிரைக் கொடுக்கப் போகிறவனிடம் போர் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார். டெப்ஸிடம் வெளியுறவுக் கொள்கை என்று ஒன்றும் இல்லை, 'வேண்டாம்' என்பது மட்டும்தான் இருந்தது என்றாரே அக்கா? இதைவிடத் தெளிவான வெளியுறவுக் கொள்கையை எந்த வேட்பாளர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

இரண்டே வாரத்தில் அந்த உளவுச் சட்டத்தின் கீழ் கைது. செப்டம்பரில் விசாரணை. சாட்சி ஒருவரையும் அவர் தரப்பு கூப்பிடவில்லை. நான் சொன்னதுதான், ஒரு வார்த்தையையும் வாபஸ் வாங்க மாட்டேன் என்று ஜூரிகளிடம் தானே பேசினார். பத்து ஆண்டு போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 62. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1919 மார்ச் 10-ஆம் தேதி தீர்ப்பு, ஒரு நீதிபதிகூட மாற்றிச் சொல்லவில்லை. எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். ஆனால் அதே ஹோம்ஸ் சரியாக எட்டு மாதம் கழித்து, நவம்பர் 10-ஆம் தேதி, துண்டறிக்கை வீசியவர்கள் மீதான வேறொரு வழக்கில், நமக்குப் பிடிக்காத கருத்தையும் பேச விட வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். எட்டு மாதத்தில் ஒரு பெரிய நீதிபதிக்கே மனசு மாறியது. அதற்குள் டெப்ஸ் சிறைக்குப் போயாகிவிட்டது. போன தேதி 1919 ஏப்ரல் 13. ஆமாம், இங்கே ஜாலியன்வாலா பாக்கில் சுட்டார்களே, அதே நாள்.

1920 தேர்தலில் கட்சி மறுபடியும் அவரையே நிறுத்தியது. அட்லான்டா சிறைக்கே போய் 'நீங்கள்தான் வேட்பாளர்' என்று சொல்லிவிட்டு வந்தார்கள். வாரத்துக்கு ஓர் அறிக்கை மட்டும் வெளியே அனுப்பலாம், அவ்வளவுதான் பிரச்சாரம். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் சிறை உடுப்போடு அவர் படம், அதன் கீழே 'அதிபர் பதவிக்கு, கைதி எண் 9653'. நம் ஊரில் வேட்பாளர் மேல் வழக்கு இருந்தால் அதைப் பிரமாணப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் தேட வேண்டியிருக்கிறது!

கிடைத்த ஓட்டு ஒன்பது லட்சத்துக்கும் மேல். ஜெயிக்க அது போதாது, நூற்றுக்கு நாலுகூட இல்லை. ஆனால் ஊர்வலம் கிடையாது, மேடை கிடையாது, கைகுலுக்கக்கூட வழி கிடையாது. வேட்பாளர் தன் ஓட்டைத் தனக்கே போட முடியாது. தேசத் துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவருக்கு ஒன்பது லட்சம் பேர் போய் ஓட்டுப் போட்டார்கள். அந்தத் தண்டனையை அவர்கள் ஏற்கவில்லை என்று சொல்ல வேறு எந்தப் பெட்டி இருந்தது, அக்கா?

போர் முடிந்து இரண்டு வருடம் ஆன பிறகும் வில்சனுக்குக் கோபம் ஆறவில்லை. விடுவிக்கலாம் என்று அவருடைய அட்டர்னி ஜெனரலே பரிந்துரைத்தார். வில்சன் 'மறுக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த ஹார்டிங், டெப்ஸைத் தோற்கடித்து ஜெயித்தவர், 1921 கிறிஸ்துமஸுக்குத் தண்டனையைக் குறைத்து விடுதலை செய்தார். வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துக் கைகுலுக்கினார். ஊரோடு ஒத்துப் பேசியவர் மன்னிக்கவில்லை, எதிர்த்து நின்றவர் மன்னித்தார். இது என் அணிக்குச் சாதகமா என்று கேட்டால் எனக்கே முழுசாகத் தெரியவில்லை, நடுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒன்றே ஒன்று, ஐயா. விடுதலைக்கு முன்னால், அந்த மார்ச்சில், புதிய அட்டர்னி ஜெனரல் டெப்ஸை நேரில் பார்க்க வேண்டும் என்றார். நாட்டுக்கே ஆபத்தானவர் என்று பத்து ஆண்டு போட்ட அதே அரசாங்கம், காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் அவரை அட்லான்டாவிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலேற்றி அனுப்பியது. போனார், பேசினார். மறுபடி ரயிலேறி, தானாகவே சிறை வாசலில் வந்து நின்றார்.