சட்டையைக் கொடியில் போட்டு அளந்த அம்மாக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் கியூஷு தீவில், வடக்கு முனையில் கடலை ஒட்டி இருக்கிறது கிட்டாக்யூஷு. பெயருக்கு அர்த்தமே வட கியூஷு என்பதுதான். மோஜி, கொக்குரா, தொபாட்டா, யஹாட்டா, வக்காமட்சு என்று தனித்தனியாக இருந்த ஐந்து ஊர்களை 1963-இல் ஒரே மாநகரமாக்கினார்கள். இன்று அங்கே சுமார் ஒன்பது லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

இந்த ஊரை வளர்த்தது இரும்பு. 1901-இல் யஹாட்டாவில் அரசு உருக்காலை ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே சிக்குஹோ நிலக்கரிச் சுரங்கங்கள். இரும்புத்தாது சீனாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. இன்றும் அங்கே ஒரு பழைய ஊது உலையை நினைவுச்சின்னமாக நிறுத்தி, உச்சியில் 1901 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொக்குராவில் ராணுவ ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டு விழ வேண்டிய இடம் அதுதான். ஊரின் மேல் புகைமூட்டம் படர்ந்திருந்ததால் விமானிகளுக்கு இலக்கு தெரியவில்லை. விமானம் நாகசாகியை நோக்கித் திரும்பியது. ஆலை இருந்த இடம் இன்று பூங்கா. ஆண்டுதோறும் அதே நாளில் அங்கே கூடி, நாகசாகியில் இறந்தவர்களுக்காக அஞ்சலி செலுத்துகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் போருக்குப் பிந்தையது.

ஆலைகள் பெருகின. புகைபோக்கிகளிலிருந்து வந்த பல நிறப் புகையை 'ஏழு வண்ணப் புகை' என்று ஊரே பெருமையாகச் சொன்னது. புகை வந்தால் வேலை உண்டு, சம்பளம் உண்டு. ஆனால் யஹாட்டாவின் ஷிரோயாமா பகுதியில், 1965-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மாதம் சராசரியாக 80 டன் தூசி விழுந்தது. ஊருக்கு நடுவே புகுந்திருக்கும் டோக்காய் விரிகுடாவில் மீன் அறவே இல்லை. அதற்கு 'சாவுக்கடல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் வாய் திறந்தவர்கள் தொபாட்டாவின் பெண்கள். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் கறுத்துக் கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அவர்களில் பலருக்குக் கணவன் வேலை பார்ப்பதே அந்த ஆலைகளில்தான். புகைபோக்கியை எதிர்ப்பது வீட்டுச் சோற்றோடு மோதுவது மாதிரி. அதனால் கோஷம் போடுவதற்கு முன்னால் ஆதாரம் சேர்த்தார்கள். சட்டைகளையும் விரிப்புகளையும் வெவ்வேறு இடங்களில் கொடியில் போட்டு, எங்கே எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்தார்கள். பெட்டிகளை வைத்துத் தூசி பிடித்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் கணக்கை எடுத்துத் தூசிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் போய் ஆய்வு முறையைக் கற்றுக்கொண்டார்கள். 1965-இல் எட்டு மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் ஆவணப்படமும் எடுத்தார்கள். தலைப்பு, 'நீல வானம் வேண்டும்'.

அவர்கள் படித்த படிப்பு எதுவாக இருந்தாலும், அந்தக் கொடித்துணிக் கணக்கைவிட நேர்மையான ஆய்வை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம்தான் மாநகராட்சியும் ஆலைகளும் இறங்கி வந்தன. ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். கழிவுநீருக்குச் சாக்கடைக் குழாய்கள் பதித்தார்கள். விரிகுடாவின் அடியில் படிந்திருந்த பாதரசச் சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். 1972-லிருந்து 1991 வரை செலவு சுமார் 80,000 கோடி யென். அதில் பெரும்பங்கு மாநகராட்சியின் பணம். 1990-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருது இந்த ஊருக்குக் கிடைத்தது. 1997-லிருந்து கடலோர நிலத்தில் பழைய கார், பாட்டில், மின்சாதனங்கள் என்று பிரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் வந்தன. இதற்கிடையில் உருக்குத் தொழில் சுருங்கியது, மக்கள்தொகையும் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஊருக்கு அது இன்றும் பெரிய கவலை.

வக்காமட்சுவுக்கும் தொபாட்டாவுக்கும் நடுவே, அதே விரிகுடாவைக் கடக்க இன்னும் ஒரு சிறிய படகு ஓடுகிறது. தலைக்கு மேலே 1962-இல் கட்டிய சிவப்புத் தொங்கு பாலம். அக்கரை சேர சுமார் மூன்று நிமிடம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஒரு காலத்தில் மீனே இல்லாத அந்தத் தண்ணீரில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட வகை மீன்களும் சிப்பிகளும் இருக்கின்றன.

வணக்கம்.