ஜன்னலோரம் அவர்களுக்கு, மீதி வீடு எங்களுக்கு

('வீட்டுக்குள் அழகு சேர்க்க ஏற்றவை உயிர்ச்செடிகளா, செயற்கைச் செடிகளா?' என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில் செயற்கைச் செடிகள் அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எதிரணியில் இதுவரை வாடாமல் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். செயற்கைச் செடிக்கு உயிர் கிடையாது. அது காற்றைச் சுத்தம் செய்யாது. கடைசியில் அது குப்பை. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலாவதை நான் மறுக்கவே போவதில்லை. உயிர் இல்லைதான். நான் கேட்பதெல்லாம், நீங்கள் வரவேற்பறை மூலையில் கொண்டுபோய் வைக்கிற அந்தச் செடிக்கு உயிர் எத்தனை நாளைக்கு?

வெளிச்சக் கணக்கைப் பாருங்கள் ஐயா. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயிலில் வெளியே சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம். திறந்தவெளி நிழலில் ஏறத்தாழ 10,000. வெயில் நேராக விழாத ஜன்னலை ஒட்டி ஆயிரம், இரண்டாயிரம். அங்கிருந்து மூன்று மீட்டர் உள்ளே வந்தால் பல வீடுகளில் 100, 200 லக்ஸ்தான் மிச்சம். இந்தச் சரிவு நமக்குத் தெரியாது. கண்பாவை விரிந்து சமாளித்துவிடும். வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம் உள்ள மூலையைக் காட்டி 'நல்ல வெளிச்சமான இடம்' என்கிறோம். இலைக்குக் கண்பாவை இல்லையே! இருட்டைத் தாங்கும் என்று பெயரெடுத்த செடிகளுக்கே 250 முதல் 1,000 லக்ஸ் வேண்டும்.

அது கிடைக்காவிட்டால் என்ன நடக்கிறது? ஒளிச்சேர்க்கை வரவு, சுவாசம் செலவு. வரவு செலவுக்குக் கீழே போனதும் செடி தன் பழைய இலைகளிலிருந்தே சத்தை உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புது இலை சிறுத்துப் போகும், மணி பிளான்ட் இலையின் மஞ்சள் வரிகள் மறைந்து வெறும் பச்சையாகும். இசட் இசட் பிளான்ட் இன்னும் அழுத்தக்காரச் செடி. மண்ணுக்குள் கிழங்கில் சேர்த்து வைத்திருப்பதை வைத்து மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். அதைக் காட்டித்தான் எதிரணி நண்பர் 'இருட்டு அறையிலும் ஜம்மென்று இருக்கிறது' என்றார். அது ஜம்மென்று இல்லை நண்பரே, சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டு மூலை எப்படிப்பட்டது என்று பார்க்கக் கருவிகூட வேண்டாம். மதிய நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளுக்கு 30 சென்டிமீட்டர் மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாக, விளிம்பு கூர்மையாக நிழல் விழுந்தால் அந்த இடம் எதிரணிக்கு. தாராளமாக உயிர்ச்செடி வையுங்கள், கைதட்டுகிறேன். நிழல் மங்கலான ஒரு கறையாகத் தெரிந்தாலோ, தெரியவே இல்லையென்றாலோ அந்த இடம் எங்களுடையது.

'செடி வளர்க்கும் விளக்கு போடலாமே' என்றார்கள். போடலாம். இலைக்கு 30 சென்டிமீட்டர் பக்கத்தில், நாளுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். அறைக்கு அழகாகச் செடி, செடிக்காக விளக்கு, விளக்குக்காக டைமர், டைமருக்காகத் தரையில் ஓடும் ஒரு வயர். அந்த வயரை மறைக்க அப்புறம் என்னிடம்தான் ஒரு பிளாஸ்டிக் கொடி கேட்டு வர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். வீட்டுக்குள் தாகத்தால் சாகிற செடியைவிட அதிகத் தண்ணீரால் சாகிற செடிதான் அதிகம். வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும், மண் காயாது. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இடுக்கெல்லாம் தண்ணீர் நிற்கும், வேருக்கு ஆக்சிஜன் போகாது, பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் நுழையும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை தொங்கும். தொங்குகிற இலையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பாவம், வாடுகிறதே என்று இன்னொரு குவளை ஊற்றுவார்! அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, செடி அவருக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போய்ச் சேரும். அழகுக்காகத் துளையில்லாத பீங்கான் தொட்டி வாங்கி, அடியில் கூழாங்கல் போட்டால் வடிந்துவிடும் என்கிறார்களே, அதுவும் தவறு. பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லின் இடைவெளிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே இருக்கும் மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். கல் போட்டதால் சேறு நிற்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம்.

ஈர மண்ணில் பறக்கும் சின்னக் கறுப்பு ஈக்களைப் பற்றியோ, தொட்டித் தட்டிலும் பூ ஜாடியிலும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதைப் பற்றியோ நீட்டி முழக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும்: அந்த முட்டை ஜாடியின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அசல் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம். எங்கள் செடியையும் நாய் கடிக்கும், கம்பி வாயில் குத்தும். அதை மறைக்கவில்லை. உயரத்தில் வையுங்கள்.

இப்போது காற்று. உயிர்ச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு அம்மையார் நாசா ஆய்வைச் சொன்னார். உண்மைதான், 1989-இல் வால்வர்ட்டன் குழு செய்த ஆய்வு. எங்கே செய்தார்கள்? காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளுக்குள். நம் வீடு மூடிய பெட்டி இல்லை. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தின் கமிங்ஸ், வாரிங் இருவரும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். சாதாரணமாகக் கட்டடத்துக்குள் காற்று வந்துபோவதால் நடக்கும் சுத்திகரிப்புக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம். 20 சதுர மீட்டர் வரவேற்பறைக்குக் குறைந்தபட்சம் 200 தொட்டி! விருந்தாளி வந்தால் எங்கே உட்காருவார், மணி பிளான்ட் மடியிலா? ஜன்னலைத் திறந்தால் முடிகிற வேலை அது.

செயற்கைப் பூ இயற்கைக்கு அவமானம் என்றும் ஒரு வார்த்தை விழுந்தது. ஜெர்மனியில் லியோபோல்ட், ருடால்ஃப் பிளாஷ்கா என்ற தந்தையும் மகனும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக 1887 முதல் 1936 வரை கண்ணாடியில் செய்துகொடுத்த தாவர மாதிரிகள் ஏறத்தாழ 4,300. அழுத்தி உலர்த்திய செடியில் நிறமும் வடிவமும் போய்விடுகின்றன, மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று தவித்த தாவரவியல் பேராசிரியர்தான் அவற்றைக் கேட்டு வாங்கினார். செடியை உயிராக நேசித்த மனிதர் ஐயா அவர்.

ஆனால் ஒரு உண்மையை என் அணிக்கு எதிராகவே சொல்கிறேன். கடைகளில் தொங்கும் செயற்கைச் செடிகளில் பாதிக்கு மேல் பார்க்கச் சகிக்காது. அவற்றை வைத்துக்கொண்டு இந்த மேடையில் வாதாட எனக்கே கூச்சம். எனவே எதற்காக வாதாடுகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும்போது முதலில் எந்தச் செடியின் நகல் என்று பாருங்கள். ரப்பர் செடி, ஸ்நேக் பிளான்ட், ஃபேலினாப்சிஸ் ஆர்க்கிட், கற்றாழை போன்ற சதைப்பற்றுச் செடிகள் இவையெல்லாம் அசலிலேயே தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலையோ இதழோ உள்ளவை. நகலிலும் ஏமாற்றும். பெரணி, பாப்பி போல மெல்லியவற்றில் வெளிச்சம் ஊடுருவும். துணியிலும் பிளாஸ்டிக்கிலும் அது வராது, முதல் பார்வையிலேயே குட்டு உடையும். அப்புறம் இலைகள். எல்லா இலையும் ஒரே அளவு, ஒரே பச்சை என்றால் ஒரே அச்சில் வார்த்தது, வேண்டாம். அசல் செடியில் நுனி இலை சிறியது, வெளிர். அடி இலை பெரியது, கருமை. இலையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள், முன்பக்கத்தைவிட வெளுத்திருக்க வேண்டும். விளிம்பில் துணி நூல் பிரிகிறதா, பிளாஸ்டிக் அச்சுக்கோடு தெரிகிறதா என்று விரலால் தடவுங்கள். ஓர் இலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். குச்சியில் வெறுமனே செருகியதென்றால் கையோடு வந்துவிடும். தண்டும் இலையும் ஒரே நிறம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே தூக்கி வைப்பதுதான் பெரிய பிழை. பெட்டிக்குள் நசுங்கி வந்த செடி அது. 20 நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொரு கிளையாக வளைக்க வேண்டும். தண்டுக்குள் கம்பி இருப்பது அதற்குத்தான். அசல் செடி வெளிச்சத்தை நோக்கித் திரும்பும், ஆகவே மேல் இலைகளை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். அடி இலைகளைத் தொங்க விடுங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாக இருந்தால் ஒரு பக்கத்தில் இரண்டு இலையைக் கழற்றி எறியுங்கள். மனசு வராது, ஆனாலும் எறியுங்கள்.

தொட்டி இன்னும் முக்கியம். கடைக்காரர் கொடுக்கும் சின்னக் கறுப்புக் கிண்ணமும் அதில் ஊற்றிய சிமென்ட்டும் வெளியே தெரிந்தால் ஆட்டம் முடிந்தது. 120 சென்டிமீட்டர் உயரச் செடிக்கு 30 முதல் 35 சென்டிமீட்டர் வாயுள்ள தொட்டி எடுங்கள். அடியில் ஐந்தாறு கிலோ மணலோ கல்லோ, இல்லாவிட்டால் காற்றுக்கே சாயும். கறுப்புக் கிண்ணத்தின் விளிம்பு வெளித்தொட்டியின் விளிம்புக்கு 4 சென்டிமீட்டர் கீழே நிற்குமாறு உயர்த்தி, சுற்றிலும் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, மேலே 3 சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த மண்ணோ மரப்பட்டைத் துண்டோ பரப்புங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பார்ப்பவர் கண் இலையைவிட மண்ணைத்தான் நம்புகிறது.

பூவென்றால் ஜாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு காம்பு வெளியே நிற்கட்டும். மலர்ந்த பூக்களோடு பாதி விரிந்த மொட்டு இரண்டு கலந்து வையுங்கள். காம்பை வெட்டக் கத்தரிக்கோல் உதவாது, கம்பி வெட்டும் குறடு வேண்டும். கண்ணாடி ஜாடியில் அசல் போலத் தெரியத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. வெட்டிய முனையில் கம்பி திறந்திருக்கும்; சில நாளில் துரு இறங்கித் தண்ணீர் செம்பழுப்பாகும். முனையைச் சூடான பசையால் அடைத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லையேல் உள்ளே தெரியாத ஜாடிக்கு மாறுங்கள்.

தூசி பிடிக்கும் என்றார்கள். பிடிக்கும். பாலியஸ்டரில் நிலைமின் ஏறுவதால் தூசியை இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். பிளாஸ்டிக் இலையை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். துணிப் பூவை நனைக்காதீர்கள். சாயம் கசியும், பசை விடும். ஒரு காகிதப் பையில் அரைக் கோப்பை கல்லுப்பு போட்டு, பூவைத் தலைகீழாக உள்ளே விட்டு, வாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு அழுக்காகி வெளியே வரும், பூ தெளியும். ஹேர் டிரையர் பிடிப்பதானால் குளிர்காற்றில் மட்டும். சூட்டில் பசை இளகி இதழ் உதிரும். பளபளப்புக்கு எண்ணெய் தடவவே கூடாது. அடுத்த நாளே தூசி கெட்டியாக அப்பும். அடுப்புப் பக்கம் வைத்தாலும் இதே கதி. மெழுகுவத்தி அருகில் வைப்பதோ ஆபத்து: பாலியஸ்டரும் பாலிஎத்திலீனும் உருகி எரியும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். குப்பை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. உள்ளே இரும்புக் கம்பி, மேலே பாலிஎத்திலீன், இலையில் பாலியஸ்டர், நடுவே பசை; இதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது நடக்காத காரியம். பருவத்துக்கொரு பூங்கொத்து வாங்கி வீசுகிறவருக்காக நான் வாதாட மாட்டேன். நல்லதாக மூன்றே மூன்று வாங்கி, நேரடி வெயில் படாமல் பத்தாண்டு வைத்திருப்பவருக்காகத்தான் பேசுகிறேன். வெயில் பட்டால் புற ஊதாக்கதிரில் பச்சையிலுள்ள மஞ்சள் முதலில் வெளுத்து, இலை நீலம் பாரிக்கும். நாங்கள் ஜன்னலோரம் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம். எதிரணியின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். அவர்கள் செடி வந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, தொட்டி மண்ணில் கலக்கச் சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுத்த பீட் என்ற மட்கு, பூக்கடைக்காரர் காம்பு செருகும் பச்சை நுரைக்கட்டி. அந்த நுரை ஃபீனால் பிசினில் செய்த பிளாஸ்டிக். மட்காது, தூள்தூளாகத்தான் போகும். செத்த செடிக்குப் பதில் வாங்கும் அடுத்த செடி, அதற்கும் அடுத்தது, எல்லாம் எந்தக் குப்பைக் கணக்கில் வரும்?

ஐயா, தீர்ப்பு எழுத உங்கள் முன்னால் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. இந்த மேடை விளக்குகளை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். தாளுக்கு 30 சென்டிமீட்டர் மேலே கையை நீட்டி நிழலைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.