வெள்ளைப் பூனையின் காது நுனி

நேயர்களுக்கு வணக்கம்ங்க. உங்கள் வீட்டில் வெள்ளைப் பூனை இருக்கிறதா? இல்லை, உடம்பெல்லாம் கருப்பாக இருந்து காதும் மூக்கும் மட்டும் வெள்ளையாக இருக்கிற பூனையா? இந்த உரை முக்கியமாக உங்களுக்குத்தான்.

பூனையைத் தூக்கி மடியில் வைத்து, காதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. அந்தத் தோல் எவ்வளவு மெல்லிசு என்றால், உள்ளே ஓடுகிற ரத்தக் குழாய்கள் இந்தப் பக்கம் தெரியும். ஓரத்தில் முடியும் கம்மி, வெள்ளைப் பூனைக்குத் தோலைக் காக்கிற நிறமியும் கிடையாது. அதனால் வெயில் முதலில் வேலையைக் காட்டுகிற இடம் அதுதான். ஆரம்பத்தில் ஓரம் கொஞ்சம் சிவக்கும், முடி உதிரும், பொடுகு மாதிரி செதில் வரும். அப்புறம் அந்த ஓரம் தடித்து லேசாக மடங்கும், கறுத்த பொருக்கு கட்டும், பூனை சொறிந்தால் பொருக்கு பெயர்ந்து ரத்தம் வரும், மறுபடி கட்டும். இப்படியே மாதக்கணக்கில், சில பூனைகளுக்கு வருஷக்கணக்கில் நடக்கும். ஆறாமலே நிற்கிற அந்தப் புண் ஒருநாள் புற்றுநோயாகவும் மாறிவிடலாம். மூக்கு நுனியிலும் கண் இமையிலும் இதே கதைதான்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா தன் வெள்ளைப் பூனையை என்னிடம் கொண்டு வந்தார். "ஏனுங்க டாக்டர், பக்கத்துத் தோட்டத்துக் கடுவன் கூட சண்டை போட்டுக் காதைக் கிழிச்சுட்டு வந்துருச்சுங்க, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டும் ஆறவே மாட்டேங்குது" என்றார். பார்த்தால் இரண்டு காதும் ஒரே மாதிரி, நுனி மட்டும் அரித்துப்போய்க் கிடக்கிறது. சண்டையில் பட்ட காயம் இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி இருக்காதுங்க. அது வெயில் செய்த வேலை. மஞ்சள் பூசினால் தோல் சிவந்திருப்பதே கண்ணுக்குத் தெரியாது, பூசியதையும் பூனை பாதத்தால் துடைத்து நக்கிவிடும்.

இதில் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. வெயில் சுட்டால்தான் கெடுதல் என்று நினைக்கிறோம். தோலைக் கெடுப்பது சூடு இல்லைங்க, புற ஊதாக் கதிர். அது உடம்பில் படுவதே தெரியாது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலை எல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கின்றன. அதனால் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 20 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 24 வாக்கில் இன்னொன்று. அப்போதுதான் அந்தக் கதிர் நேராக, பலமாக இறங்கும். ஏப்ரலில் நாமே வெளியே தலைகாட்டுவதில்லை, பூனையும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஜிலுஜிலுவென்று வீசிக்கொண்டிருக்கும், மேகமும் மூட்டம் போட்டு நிற்கும், பூனை நடுப்பகலில் மொட்டை மாடியிலும் பொடக்காளியில், அதாவது வீட்டுப் பின்பக்கத்தில், துவைக்கிற கல்லின் மேலும் சுகமாக நீட்டிப் படுத்துக் கிடக்கும். மெல்லிய மேகத்தைத் தாண்டி அந்தக் கதிர் நிறையவே இறங்கும். எனக்குக் கவலை தருவது அக்னி நட்சத்திரத்தை விட இந்த ஆடி ஆவணிதான்.

கருப்புப் பூனைக்காரர்கள் அவ்வளவு பயப்பட வேண்டாம். முதுகு முடி செம்பட்டையாகிவிட்டது என்று கொண்டு வருவார்கள். வெயில் முடியின் கருப்பு நிறமியை வெளுக்க வைக்கும், அவ்வளவுதான், அடுத்து முளைக்கிற முடி கருப்பாகவே வரும். முடியை விலக்கி அடியில் பாருங்க. அடி கருப்பாக இருந்து நுனி மட்டும் பழுப்பாக இருந்தால் வெயில். அடியிலிருந்தே செம்பட்டையாக முளைத்தால் சாப்பாட்டைக் கவனிக்கணும். அந்தக் கருப்பு உண்டாக, புரதத்திலிருந்து கிடைக்கிற டைரோசின் என்கிற சத்து வேண்டும். வெறும் பால்சோறும் தயிர்சோறுமாகப் போட்டு வளர்க்கிற பூனைக்கு அது போதுமான அளவு கிடைக்காது. செவலைப் பூனையின் உதட்டிலும் மூக்கிலும் வருகிற சின்னச் சின்னக் கரும்புள்ளியைப் பார்த்தும் பலர் பதறுவார்கள். தட்டையாக, வலி இல்லாமல் இருந்தால் அது மச்சம் மாதிரிதான், விட்டுவிடுங்க.

வெயிலில் படுத்தால் பூனைக்கு வைட்டமின் டி கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. நமக்குக் கிடைக்கும், பூனைக்குக் கிடைக்காது. அதன் தோலில் அந்த வைட்டமின் தேவையான அளவு உருவாவதில்லை, மீன், ஈரல், முட்டை மஞ்சள்கரு மாதிரி சாப்பாட்டிலிருந்துதான் வரணும். அது வெயிலைத் தேடிப் போவது கதகதப்புக்காக மட்டும்தான். அந்தச் சுகத்தை நாம் கெடுக்க வேண்டியதில்லை. காலையில் ஒன்பது மணி வரைக்கும், சாயந்தரம் நாலரைக்கு மேலும் தாராளமாகப் படுக்கட்டும். காலை பத்திலிருந்து சாயந்தரம் நாலு வரை வெள்ளைப் பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்க. மதியச் சோற்றைப் பத்து மணிக்கே உள்ளே வைத்துப் பழக்கினால் அதுவே வந்துவிடும். தின்றதும் தூங்கிப்போகும். சாதாரணக் கண்ணாடி ஜன்னல் சருமத்தைச் சுடுகிற கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், முழுக்கத் தடுக்காது. அதனால் மதிய நேரத்தில் ஒரு திரை போட்டுவிடுங்க.

நாம் பூசுகிற வெயில் கிரீமை மட்டும் தயவுசெய்து பூனைக்குப் போடாதீங்க. அதில் இருக்கிற துத்தநாகமும் சாலிசிலேட்டும் நக்கினால் விஷம். காலமைன் லோஷனிலும் குழந்தைக்கு டயபர் புண்ணுக்குப் போடுகிற களிம்பிலும் துத்தநாகம் உண்டு. பூனைக்கென்று தனியாக வருகிறதைக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான் வாங்கணும்.

காதில் புண் வந்து மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்க. துளி சதை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். புற்று என்றே வந்தாலும், காது நுனியோடு நிற்கிற வரைக்கும் அந்த ஓரத்தை வெட்டி எடுத்தால் பெரும்பாலும் பூனை பிழைத்துக்கொள்ளும். காது கேட்பதும் கெடாது. மூக்கில் வந்தால் அறுவை செய்வது சிரமம், அதனால் மூக்கு நுனியை இன்னும் சீக்கிரம் கவனிக்கணும். அந்தக் காங்கேயத்துப் பூனைக்கு இரண்டு காதும் குட்டையாகிவிட்டன, ஆனால் ஆத்தா மீன் அலசுகிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறதாம். மதியத்தில் அதை வெளியே விடுவதில்லை என்று ஆத்தாவே சொன்னார்.

வணக்கம்ங்க.