காட்டேஜ் புக் பண்ணும் முன்: எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி

வணக்கம் மக்களே. இன்றைக்கு வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில், கெசிக் என்ற ஊர் பக்கத்தில் ஒரு காட்டேஜிலிருந்து பேசுகிறேன். வெளியே நல்ல மழை, நடைப்பயணம் மதியத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. அதற்குள் நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருக்கும் விஷயத்தைப் பேசிவிடலாம். யூகேவில் நாமே சமைத்துச் சாப்பிடும்படி வாடகைக்கு விடுகிற விடுமுறை வீடுகள் இருக்கின்றன இல்லையா, செல்ஃப் கேட்டரிங் காட்டேஜ்? அவற்றை எப்படி புக் செய்வது, வீட்டுக்காரர் போடும் விதிகளில் எதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய வீடியோ.

நம் குடும்பங்களுக்கு இந்த வீடுகள் ரொம்பவே பொருத்தம். கிராமத்து பப்பில் இரவு ஒன்பது மணிக்கே சமையலறையை மூடிவிடுவார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் தினமும் சிப்ஸும் சூப்பும் கொடுத்துச் சமாளிக்க முடியாது. ஒரு ரசம், ஒரு பொரியல் வைத்துக்கொள்ள அடுப்பு இருந்தால் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிடும்.

வீடு தேடும்போது படத்தையும் விலையையும்தான் முதலில் பார்க்கிறோம். அவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதிகபட்சம் எத்தனை பேர் தங்கலாம் என்கிற எண். எனக்கு இதைவிட முக்கியமான விதி எதுவும் இல்லை. நம் ஆட்கள் அதிகமாகச் சிக்கலில் மாட்டுவதும் இதில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆறு பேருக்கான காட்டேஜை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார்கள். நடுவில் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். இரண்டு ராத்திரிதானே, ஏர் பெட் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். வீட்டுக்காரர் பக்கத்துப் பண்ணையிலேயே குடியிருப்பவர். வாசலில் இன்னொரு கார் ராத்திரியும் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டினார். கூடுதலாக வந்தவர்கள் அன்றைக்கே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. மழையில், இருட்டில், சின்னக் குழந்தையோடு ஹோட்டல் தேடி அலைந்தார்கள். ஒப்பந்தப்படி பார்த்தால் மொத்த புக்கிங்கையுமே அவர் ரத்து செய்திருக்கலாம், பணமும் திரும்பி வந்திருக்காது.

வந்தவரை வா என்று சொல்வது நம் பழக்கம், அதில் தப்பே இல்லை. ஆனால் இந்த எண் வீட்டுக்காரரின் கஞ்சத்தனத்தால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணை இப்படிப்பட்ட வாடகை வீடுகளுக்கும் பொருந்தும். 2023 அக்டோபர் 1 முதல், தீ ஆபத்து பற்றிய மதிப்பீட்டை முழுமையாக எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். ராத்திரி தீப்பிடித்தால் எத்தனை பேர், எந்த அறையிலிருந்து, எந்த வழியாக வெளியேறுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். ஹாலில் ஏர் பெட் போட்டால் வெளியேறும் வழியிலேயே ஆள் படுத்திருப்பார். காப்பீடும் அந்த எண்ணை வைத்துத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கிராமத்து வீடுகள் பலவற்றில் பொதுச் சாக்கடை இணைப்பு கிடையாது, செப்டிக் டேங்க்தான். அது இத்தனை பேருக்கு என்று அளவு பார்த்துப் போட்டது. ஆறு பேர் வீட்டில் பத்துப் பேர் குளித்து, துவைத்து, சமைத்தால் அது தாங்காது. வெட் வைப்ஸைக் கழிவறையில் போடாதே என்று ஒட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு இது இன்னும் கறார். அங்கே குறுகிய கால வாடகைக்கு விட லைசென்ஸ் கட்டாயம். பழைய வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த கால அவகாசமும் 2025 ஜனவரி 1க்கு முன்பே முடிந்துவிட்டது. எத்தனை பேர் தங்கலாம் என்பது அந்த லைசென்ஸிலேயே இருக்கும். விளம்பரத்தில் லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நான் அந்த வீட்டுப் பக்கமே போக மாட்டேன்.

சரி, அப்போது என்ன செய்வது? புக் செய்வதற்கு முன்பே ஒரு மெயில் போடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை தொட்டிலில் தூங்கினால் கணக்கில் வருமா என்று கேளுங்கள். சில வீட்டுக்காரர்கள் சேர்க்க மாட்டார்கள், சிலர் சேர்ப்பார்கள். பகலில் மட்டும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டுப் போகலாமா என்பதையும் கேளுங்கள், அதற்கும் பல இடங்களில் விதி உண்டு. பதில் எழுத்தில் இருக்கட்டும். போனில் சரி சரி என்றால் போதாது.

படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து போகலாம் என்று திட்டம் போடுகிறீர்கள் என்றால், வயது விதியைப் பாருங்கள். புக் செய்பவருக்கு 21 அல்லது 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று சில ஏஜென்சிகள் கேட்கும். ஆண்கள் மட்டும் அடங்கிய இளைஞர் குழுவை ஏற்காத வீடுகளும் உண்டு. குடும்பம் என்று சொல்லி புக் செய்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். முதலிலேயே நாங்கள் மாணவர்கள், மலை ஏற வருகிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் ஏன் கேட்கிறார்கள் என்று ஒருவர் கமென்ட்டில் கேட்டிருந்தார். 1972இல் வந்த ஒரு ஆணைப்படி, தங்கும் இடம் நடத்துகிறவர்கள் 16 வயதும் அதற்கு மேலும் ஆன விருந்தினர்களின் பெயரையும் குடியுரிமையையும் பதிவுசெய்து ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதெல்லாம் பிரிட்டன், அயர்லாந்து, காமன்வெல்த் குடியுரிமை இல்லாதவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த். அதனால் அம்மா அப்பாவின் பெயரும் நாடும் சொன்னால் போதும். பாஸ்போர்ட் நகலை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்து, நாள். முழு வாரம் என்றால் வெள்ளி முதல் வெள்ளி, இல்லாவிட்டால் சனி முதல் சனி, இதுதான் பழைய வழக்கம். குறுகிய விடுமுறைக்கு வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு. கோடை விடுமுறையில் முழு வாரமாகத்தான் கொடுப்பார்கள். விற்காமல் கிடக்கும் வாரத்தைக் கடைசி நேரத்தில் பிரித்து விடுவதும் உண்டு. தேதியில் பிடிவாதம் இல்லாதவர்கள் அதற்காகக் காத்திருக்கலாம்.

பள்ளி விடுமுறையில் விலை ஏறுகிறதே, நடுவில் ஒரு வாரம் லீவு போட்டுப் போகலாமா என்றும் கேட்கிறீர்கள். இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பாவிட்டால், ஒரு குழந்தைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதற்குப் பதிலாக ஸ்காட்லாந்தை யோசியுங்கள். அங்கே பள்ளிகள் ஜூன் இறுதியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் கடைசி வரை விடுமுறை. அந்தக் கடைசி வாரங்களில் அங்கே விலை கொஞ்சம் இளகியிருக்க வாய்ப்பு உண்டு. எடின்பரோ நகருக்குள் தங்கினால், 2026 ஜூலை 24இலிருந்து, தங்கும் முதல் ஐந்து இரவுகளுக்கு 5 சதவீத வரி இருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

பணம். பெரும்பாலும் புக் செய்யும்போது கால்பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு டெபாசிட், மீதி சுமார் எட்டு வாரம் முன்னால். அந்த எட்டு வாரக் கெடுவை போனில் போட்டு வையுங்கள், தவறினால் புக்கிங் போய்விடலாம். இன்னொன்று, இணையத்தில் எதை வாங்கினாலும் 14 நாளுக்குள் திருப்பிவிடலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. இன்றைக்கு புக் செய்துவிட்டு நாளைக்கு மனசு மாறினாலும், டெபாசிட் திரும்பி வருமா என்பது வீட்டுக்காரரின் ரத்து விதியைப் பொறுத்ததுதான். விசா இன்னும் வராத பெற்றோரை நம்பி புக் செய்கிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். நான் அப்படிப்பட்ட சமயத்தில் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் இலவச ரத்து உள்ள வீட்டைத்தான் எடுப்பேன்.

கட்டாயக் கட்டணங்களை முதலில் மறைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் சேர்ப்பது 2025 ஏப்ரல் 6 முதல் யூகேவில் சட்டவிரோதம். துப்புரவுக் கட்டணம், புக்கிங் கட்டணம் கட்டாயம் என்றால் முதலில் காட்டும் விலையிலேயே இருக்க வேண்டும். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை விலையுள்ளவற்றுக்கு 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது, டெபாசிட்டை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும்கூட. நடுவில் ஏஜென்சி இருந்தால் அது சிக்கலாகலாம். நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பு, பத்து சதவீதம் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம், விட்டுவிடுங்கள். வீடே இல்லாத போலி விளம்பரங்கள் அப்படித்தான் வரும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், சமையலறை. இதோ இந்த அடுப்பைப் பாருங்கள், இண்டக்‌ஷன். புதுப்பித்த காட்டேஜ்களில் பெரும்பாலும் இதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய குக்கர் இதில் சூடே ஆகாது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து உங்கள் குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எடுத்துவாருங்கள். மிக்ஸி இருக்காது. அதனால் அரைத்த தேங்காய் மசாலாவை உறையவைத்துக் கூல் பாக்ஸில் கொண்டுவருவேன்.

மேலே பாருங்கள், இது வெப்பத்தை உணரும் அலாரம். சமையலறைக்குள் இதுதான் இருக்கும், தாளிப்புப் புகைக்கு அலறாது. ஆனால் அந்தப் பக்கம் ஹாலில் இருப்பது புகை அலாரம். இரண்டும் இணைந்திருந்தால் ஒன்று அலறினால் எல்லாம் அலறும். காய்ந்த மிளகாயை எண்ணெயில் போடும் முன் கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், எக்ஸாஸ்டை முதலிலேயே போடுங்கள். அலாரத்தில் பிளாஸ்டிக் கவர் மாட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தூங்குகிற பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது.

மஞ்சள்! வெள்ளைக் கல் மேடை, மர மேடை, வெள்ளைக் கரண்டி, எல்லாவற்றிலும் ஏறும். சேதத்துக்காக வாங்கி வைத்திருக்கும் டெபாசிட்டில் கைவைக்க இது ஒன்று போதும். மேடையில் நேரடியாக மசாலா டப்பாவைத் திறக்காதீர்கள், கீழே ஒரு தட்டு வையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் பழைய தலையணை உறையைக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்ற வேண்டாம், பேப்பரில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெயில் பொரிப்பதையே தடைசெய்யும் வீடுகளும் இருக்கின்றன, வடை போடும் திட்டம் இருந்தால் முன்பே விதியைப் பாருங்கள்.

மெழுகுவத்தியும் ஊதுபத்தியும் கூடாது என்று நிறைய வீடுகளில் இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவர்கள் பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் பள்ளி விடுமுறையில் சில வருடம் தீபாவளி வந்துவிடும். வைக்கோல் கூரை வேய்ந்த வீட்டில் கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தக்கூடாது. சுற்றிலும் ஆடு மாடு இருக்கும் பண்ணையிலும் அப்படித்தான்.

நாய்க்கு அனுமதி உள்ள வீடா என்பதையும் பாருங்கள். நாய் வளர்க்காதவர்களுக்கும் இது தேவை, ஒவ்வாமை இருந்தால் கஷ்டம். மின்கார் வைத்திருப்பவர்கள் சாதாரண மூன்று முனை பிளக்கில் சார்ஜ் போடலாமா என்று கேட்டுவிடுங்கள், பல இடங்களில் தடை. டிவி, வைஃபை இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பழைய கோபுரங்களையும் கோட்டைகளையும் பழுதுபார்த்து வாடகைக்கு விடுகிறது. அற்புதமான இடங்கள், ஆனால் அங்கே வேண்டுமென்றே டிவி வைப்பதில்லை.

வருகை பொதுவாக மாலை நான்கு மணி, கிளம்புவது காலை பத்து. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் ஒருவர் வந்து எல்லாப் படுக்கையும் மாற்றி, கழிவறை கழுவி, அடுப்பு துடைக்க வேண்டும். அதனால் பதினொரு மணி வரை இழுக்காதீர்கள். சாவி சுவரில் உள்ள சின்ன எண் பெட்டியில் இருக்கும். எண்ணையும் வழியையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே படம் எடுத்து வையுங்கள், இந்தப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. போஸ்ட்கோடு போட்டால் மேப் பக்கத்துப் பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தும், வீட்டுக்காரர் எழுதியிருக்கும் வழியைப் பின்பற்றுங்கள்.

வந்ததும் பையைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சுற்று வீடியோ எடுத்துவிடுவேன். மேடையில் கறை, உடைந்த கண்ணாடி, கம்பளத்தில் ஓட்டை, எல்லாம். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். வாரம் முழுக்கக் குளிரில் இருந்துவிட்டு வீடு திரும்பியபின் புகார் எழுதினால் பணம் கிடைப்பது கடினம், சரிசெய்ய எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே என்று சொல்லிவிடுவார்கள்.

மழை விட்டிருக்கிறது, நான் கிளம்புகிறேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் விதிகளில் ஏதாவது புரியவில்லை என்றால் அந்த வரியை அப்படியே கமென்ட்டில் போடுங்கள், முகவரி வேண்டாம். அடுத்த வீடியோவில் வேல்ஸ்.