தண்டவாளம் போட்ட எல்லைக்கோடு

வணக்கம் நேயர்களே. ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நாட்டு வரைபடத்தை விரித்தாலும், தண்டவாளம் எங்கே போகிறது என்றுதான் முதலில் கண் தேடும். ஹங்கேரியின் எல்லையை அப்படிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது: பல இடங்களில் அந்தக் கோட்டைப் போட்டதே தண்டவாளம்தான். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதல் உலகப் போரில் தோற்ற ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு, ஒப்பந்தம் எழுதும் வரைகூடக் காத்திருக்கவில்லை. 1918 அக்டோபர், நவம்பரிலேயே உதிர்ந்துவிட்டது. செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. டிசம்பர் 1 அன்று, ஹங்கேரியின் கிழக்குப் பகுதியாக இருந்த திரான்சில்வேனியாவின் ருமேனியர்கள் ஆல்பா யூலியாவில் கூடி, ருமேனியாவோடு சேர்வதாக அறிவித்தார்கள். ஆஸ்திரியாவின் கணக்கை 1919 செப்டம்பரில் சான் ஜெர்மன் ஒப்பந்தம் முடித்தது. ஹங்கேரியின் முறை வந்தது 1920 ஜூன் 4-ல், வெர்சாயில் இருக்கும் திரியனோன் மாளிகையில்.

குரோவேஷியாவைச் சேர்க்காமலே 2,83,000 சதுர கிலோமீட்டர் இருந்த நாடு 93,000 ஆனது. ஒரு கோடியே 82 லட்சம் பேரில் 76 லட்சம் பேர்தான் மிஞ்சினார்கள். ஹங்கேரிய மொழி பேசியவர்களிலேயே 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லைக்கு வெளியே போனார்கள்.

ஹங்கேரியின் பக்கம் நின்று பேச, அந்த ஆண்டு ஜனவரியில் பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு வந்தவர் ஆல்பர்ட் அப்போனி என்ற முதிய பிரபு. பிரெஞ்சில் பேசினார், ஆங்கிலத்தில் பேசினார், இத்தாலிய மொழியில் முடித்தார். ஹங்கேரியர் எங்கெல்லாம் வாழ்கிறார்கள் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் கேட்டதும், புவியியலாளர் பால் தெலெகி தயாரித்த வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் ஹங்கேரியருக்குச் சிவப்பு நிறம்; ஆள் நடமாட்டம் குறைந்த மலைப்பகுதிகள் வெறும் வெள்ளை. பார்த்ததும் சிவப்புதான் கண்ணில் அறையும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1919-லேயே வென்ற நாடுகளின் குழுக்கள் உட்கார்ந்து கோடுகளைப் போட்டு முடித்திருந்தன.

இதில் ஒரு வேடிக்கை. 1907-ல் கல்வி அமைச்சராக இருந்து, ஸ்லோவாக், ருமேனியப் பிள்ளைகளின் பள்ளிகளிலும் ஹங்கேரிய மொழியைத் திணித்த சட்டத்தைக் கொண்டுவந்தவர் இதே அப்போனிதான். மொழி அடிப்படையில் நியாயம் கேட்க அவரையா அனுப்புவது என்று எனக்குத் தோன்றும்.

சரி, தண்டவாளத்துக்கு வருவோம். தேசிய இனங்களே தங்கள் தலைவிதியை முடிவு செய்யட்டும் என்பதுதான் அன்றைய பெரும் பேச்சு. ஆனால் மக்களைக் கேட்டது ஆஸ்திரிய எல்லையோரச் சோப்ரோன் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டும், அதுவும் 1921 டிசம்பரில். மற்ற இடங்களில் பல சமயம் ரயில் பாதைதான் முடிவு செய்தது. ஹங்கேரியின் முக்கியப் பாதைகள் புடாபெஸ்டிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல விரியும். சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில், அந்த ஆரக்கால்களைக் குறுக்கே இணைக்கும் பாதைகள் உண்டு. அண்டை நாடுகளுக்கு வேண்டியிருந்தது அவைதான். சத்து மாரே, ஒராதியா, அராத் வழியாக வடக்குத் தெற்காக ஓடும் பாதை ருமேனியாவுக்குக் கிடைக்க வேண்டும் என்று கோடு அதற்கு மேற்கே தள்ளிப் போடப்பட்டது. 1910 கணக்கெடுப்பில் அந்த மூன்று நகரங்களிலும் ஹங்கேரிய மொழிக்காரர்களே பெரும்பான்மை. சுற்றுப்புறக் கிராமங்களில் ருமேனியர் ஏராளம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வடக்கே ஷாதோரால்யாஉய்ஹேய் என்று வாயில் நுழையாத பெயரில் ஓர் ஊர். அங்கே ரோன்யவா என்ற ஓடையையே எல்லையாக்கினார்கள். ஊர் ஹங்கேரிப் பக்கம், ரயில் பாதை செக்கோஸ்லோவாக்கியாப் பக்கம். தாண்டிக் குதித்துவிடலாம் போன்ற அந்த ஓடையை, கப்பல் போகும் ஆறு என்று பாரிசில் வாதிட்டதாக ஒரு கதை இன்றும் சொல்கிறார்கள். மொத்த ரயில் பாதையில் பத்தில் ஆறு பங்குக்கும் மேல் கை மாறியது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. புதிய அரசுகளுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள் என்று சுமார் மூன்றரை லட்சம் பேர் மிஞ்சிய ஹங்கேரிக்கு வந்து சேர்ந்தார்கள். தங்க வீடு ஏது? ஸ்டேஷன்களில் ஓரமாக நிறுத்திய சரக்குப் பெட்டிகளிலேயே ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு 'வகோன்லாகோ' என்றே பெயர் வந்தது, அதாவது, பெட்டிவாசி. சரக்குப் பெட்டிக்குள் வெயில் காலத்தில் ஐந்து நிமிஷம் நின்றவனுக்கு, அங்கே அடுப்பு மூட்டிப் பிள்ளை வளர்ப்பது என்னவென்று கொஞ்சம் புரியும்.

அப்புறம் சோப் என்ற சந்திப்பு நிலையம். ஹங்கேரியர் அதைச் சாப் என்பார்கள். திரியனோன் ஒப்பந்தம் அதைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கொடுத்தது. 1938-ல் ஹங்கேரி திரும்ப எடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியம், 1991 முதல் உக்ரைன். இப்போது ஹங்கேரி-ஸ்லோவாக்கியா எல்லையில் 2007 டிசம்பரிலிருந்து கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ருமேனியாவுக்கு ரயிலில் போகவும் 2025-லிருந்து அப்படித்தான். சோப்பில் அது நடக்கவில்லை. அங்கே பாதையும் ஒத்துப்போகாது: மேற்கே தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், சோவியத் போட்டது 1,520. மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்குச் சரக்கு மாற்றிய காலத்தைப் பார்த்தவன் நான். அந்த வலி தெரியும். இன்றும் அங்கே கிழக்கே போகும் பெட்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை, அதாவது போகியை, மாற்றுகிறார்கள்.