40,000 இருக்கையும் எங்கள் வடலிக்கரை மைதானமும்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சனசமூக நிலையத்துப் பெரியவர்களே, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நின்றபடி கேட்கும் தம்பிமாரே, வணக்கம்.

பெரிய விளையாட்டரங்கு நகரத்துக்கு நன்மையே என்று எனக்கு முன்பு பேசிய அண்ணா அடித்துச் சொன்னார். யாழ். நகரத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவில் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியதை எடுத்துக் காட்டினார். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஆடிய அணி 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை கிண்ணம் தூக்கியும், அந்த வருடங்களில் ஒரு ஆட்டமாவது எங்கள் மண்ணில் நடக்கவில்லை என்றார். அதைக் கேட்டபோது எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் தலைப்பு நன்மையைப் பற்றியது. அதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அந்த மைதானத்தில் 40,000 பேர் இருந்து பார்க்கலாம் என்கிறார்கள். 2012 கணக்கெடுப்பில் யாழ். மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய 88,000 பேர், கைக்குழந்தையும் கட்டிலில் கிடக்கும் ஆச்சியும் சேர்த்து. நகரத்தில் பாதிப்பேர் எழும்பிப் போனால்தான் அந்த இருக்கைகள் நிரம்பும். சரி, ஒரு நாள் நிரம்பட்டும். மற்ற நாட்களில் அந்தப் புல்லுக்கும், கடற்காற்றில் கறள் பிடிக்கும் இரும்புக்கும் யார் காசு கொடுப்பது?

அண்ணா சொன்ன 2020 கிண்ணத்தை எங்கே தூக்கினோம்? அம்பாந்தோட்டைச் சூரியவெவ மைதானத்தில், கொரோனாக் காலத்தில், ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால். 35,000 பேருக்கென்று கட்டிய அரங்கு அது. 2011 உலகக் கிண்ணத்தில் அங்கு நடந்தவை இரண்டே ஆட்டங்கள். அந்த உலகக் கிண்ணத்துக்காக மைதானங்கள் கட்டிய கடன் கழுத்தை நெரித்து, நாட்டுக்கு ஆடிய வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் கிரிக்கெட் சபை நின்றது. அந்த ஊர்க் கடைக்காரர் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டம் நடந்த நாட்களில் உழைத்திருப்பார். மிச்ச நாட்களுக்கு அவர் எங்கே போவார்?

இன்னொன்று தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்பதுதான் எங்கள் கிணறு. தீவுப்பக்கத்தில் நன்னீர், உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். அந்த மண்ணில், ஆனி வெயிலிலும் புல் பச்சையாக நிற்க எவ்வளவு இறைக்கவேண்டும்? எதிரணி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் பத்து வருடமாக ஊரில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறேன். எங்கள் மைதானத்துக்குக் கிழக்கே வடலி. மார்கழியில் கணுக்கால் அளவு வெள்ளம் நிற்கும். கம்பம் இரண்டில் ஒன்று சாய்ந்துபோய், மூன்று கல்லு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். போன வருடம் அணியில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே சோடிச் சப்பாத்து. பெரியவள் ஆடிவிட்டு வெளியே வந்ததும் கழற்றிக் கொடுப்பாள். சின்னவள் நுனியில் பேப்பரைச் செருகிப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சம் இல்லை. கழிப்பறை எந்த நேரத்திலும் இல்லை. அதனால் பதினைந்து வயதானதும் அம்மாமார் மறித்துவிடுகிறார்கள். அவர்களோடு எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் இடத்தில் நின்றால் நானும் மறித்திருப்பேன். ஆனால் என்னிடம் பழகிய நல்ல ஆட்டக்காரிகளில் எத்தனையோ பேரை நான் இப்படித்தான் இழந்தேன்.

பெரிய அரங்கு வந்தால்தான் வீரர்கள் வருவார்கள் என்கிறது எதிரணி. வியாஸ்காந்த் 2024இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். அவர் யாழ். மத்திய கல்லூரிப் பிள்ளை, பள்ளிக்கூட மைதானத்தில் வளர்ந்தவர். அந்தக் கல்லூரியும் சென். ஜோன்ஸும் 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் ஆட்டத்துக்குச் சனம் எப்படித் திரளும் என்று இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு யாரும் 40,000 இருக்கை கேட்கவில்லை. 2016இல் இந்திய உதவியோடு புதுப்பித்த துரையப்பா விளையாட்டரங்கும் நகரத்தின் நடுவில் இருக்கிறது. அதை நன்றாகப் பராமரிப்போம். மிச்சக் காசை ஊர் மைதானங்களுக்கு இறக்குங்கள்: மண் நிரப்ப, இரண்டு விளக்குப் போட, ஒரு கழிப்பறை கட்ட, பழக்குகிறவருக்குக் கொஞ்சம் சம்பளம் கொடுக்க.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எதிரணியில் அடுத்து எழும்புகிறவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். மண்டைதீவில் விளக்குக் கோபுரங்கள் எரியப்போகும் அந்த இரவுக்கு முன்னால், எங்கள் வடலிக்கரையில் ஒரு விளக்காவது எரியுமா?